கார் இன்ஷூரன்சுக்கு மாதத் தவணை: ஒரு வட்டியா, இரண்டு வட்டியா?

ஆயுத பூஜையன்று பெங்களூர் வீதிகளைப் பார்க்க வேண்டும். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் ஆட்டோ, டாக்ஸி, சொந்தக் கார் எல்லாம் கழுவித் துடைக்கப்பட்டு, வாழைக் கன்று கட்டி, சந்தனம் குங்குமம் இட்டு வரிசையாக நிற்கும். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கும். நடுவீதியில் பூசணிக்காய் உடையும். திருஷ்டி கழிப்பதில் நம்மவர்கள் ஒரு குறையும் வைப்பதில்லை. ஆனால் அதே வண்டியின் முன்பெட்டியைத் திறந்து இன்ஷூரன்ஸ் காகிதத்தின் தேதியைப் பார்த்தால், சில வண்டிகளில் அது காலாவதியாகி வாரக் கணக்காகியிருக்கும்.

காரணம் கேட்டால் ஒன்றுதான். கையில் மொத்தமாகப் பணம் இல்லை. பழைய கார் ஒன்றை வாங்கி வைத்திருக்கும் குமாஸ்தாவுக்குப் பெட்ரோல் செலவு மாதாமாதம் பிரிந்து வருகிறது, தாங்கிக் கொள்கிறார். இன்ஷூரன்ஸ் மட்டும் ஆண்டுக்கு ஒரு முறை, பதினைந்தாயிரம், இருபதாயிரம் என்று ஒரே நாளில் வந்து நிற்கிறது. பள்ளிக் கட்டணமும் வீட்டு முன்பணமும் வந்து நிற்கும் அதே மாதத்தில்! "இதையும் மாதாமாதம் கட்டினால் என்ன?" என்று அவர் நினைப்பதில் தவறில்லை. "தாராளமாகக் கட்டலாம், வட்டி ஒன்றும் பெரிதில்லை" என்று சொல்ல ஆட்களும் இருக்கிறார்கள். அந்த "பெரிதில்லை" எவ்வளவு என்பதைத்தான் இங்கே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் பணம், பிறகு பாலிசி

நம் நாட்டில் கார் இன்ஷூரன்ஸ் கம்பெனி தவணைக் கணக்கில் பிரீமியம் வாங்கிக் கொள்வதில்லை. 1938ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டத்தில், 1968இல் செய்த திருத்தத்தின் மூலம் 64வி.பி. என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. பிரீமியம் முன்கூட்டியே வந்து சேராமல் எந்தக் கம்பெனியும் பொறுப்பு ஏற்கக் கூடாது என்பது அதன் சாரம். அதாவது பணம் வந்தால் பாலிசி. வராவிட்டால் பாலிசி இல்லை.

மருத்துவ இன்ஷூரன்சுக்கு மாதத் தவணையாகவும் காலாண்டுத் தவணையாகவும் பிரீமியம் வாங்க 2019 முதல் வழி செய்யப்பட்டிருக்கிறது. ஆயுள் இன்ஷூரன்சில் மாதத் தவணை வெகு காலமாக உண்டு. சம்பளத்திலிருந்து எல்.ஐ.சி.க்குப் பிடித்தம் கொடுக்கும் ஊழியர்களுக்கு அது பழகிய விஷயம். தேதி தவறினாலும் ஆயுள் பாலிசிக்குச் சலுகை நாட்கள் உண்டு. இந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு கார் பாலிசியையும் அப்படியே நினைத்துவிடுகிறார்கள். அங்கேதான் ஏமாற்றம். கார் பாலிசி முடிகிற நாள் நள்ளிரவு 12 மணிக்கு முடிந்தே விடும். மறுநாள் காலை அந்தக் காரை வீதிக்கு எடுத்தால் அது இன்ஷூரன்ஸ் இல்லாத கார்.

அப்படியானால் "மாதத் தவணையில் கார் இன்ஷூரன்ஸ்" என்று விளம்பரம் வருகிறதே, அது என்ன? அது கடன். வங்கியோ, கிரெடிட் கார்டோ, நிதிக் கம்பெனியோ முழுப் பிரீமியத்தையும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஒரே நாளில் கட்டிவிடுகிறது. கார்க்காரர் அந்தக் கடனை மாதாமாதம் திருப்பிக் கட்டுகிறார். தவணை என்ற சொல் இனிமையாக இருக்கிறது. கடன் என்று சொன்னால் இரண்டு முறை யோசிப்பார்கள் அல்லவா!

பன்னிரண்டு எப்படி இருபத்தொன்று ஆகிறது?

பிரீமியம், ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்து ரூ.18,000 என்று வைத்துக் கொள்வோம். பணம் கொடுப்பவர் சொல்கிறார்: "ஆண்டுக்கு 12 சதவிகிதம்தான். நூற்றுக்கு ஒரு ரூபாய், ஒரு வட்டி." 18,000க்கு 12 சதவிகிதம் ரூ.2,160. ஆக மொத்தம் ரூ.20,160. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் ரூ.1,680. கணக்கு நேராக இருப்பது போலத்தான் தோன்றும்.

ஆனால் அந்த 18,000 ரூபாயும் ஆண்டு முழுவதும் கடன்காரர் கையில் இருக்கிறதா? இல்லை. முதல் மாதம்தான் 18,000 பாக்கி. மாதம் 1,500 வீதம் அசல் கழிந்தால் இரண்டாம் மாதம் 16,500. ஆறு மாதம் போனால் 9,000. கடைசி மாதம் வெறும் 1,500. சராசரி போட்டால் ஆண்டு முழுவதும் அவர் கையில் இருந்த கடன் ரூ.9,750தான். அந்த 9,750க்கு ரூ.2,160 வட்டி என்றால் நூற்றுக்கு 22 ரூபாய் ஆகிறது. வங்கிக்காரர்கள் போடுகிற நுணுக்கமான கணக்கில் 21½ வரும். எப்படிப் போட்டாலும், சொன்னது ஒரு வட்டி. வாங்கியது ஏறத்தாழ இரண்டு வட்டி.

முதல் தவணையைக் கடன் கொடுக்கிற அன்றே கையோடு வாங்கிக் கொள்ளும் வழக்கமும் உண்டு. அப்படி வாங்கினால் உண்மையில் கொடுத்த கடன் ரூ.16,320தான்; திரும்பி வருவது பதினொரு தவணை. அந்தக் கணக்கில் வட்டி ஆண்டுக்கு 25½ சதவிகிதத்தைத் தாண்டுகிறது. "பிராசஸிங் கட்டணம்" என்று இருநூறோ முந்நூறோ பிடித்தால் அது தனி.

இன்னொரு வேடிக்கை. கிரெடிட் கார்டில் 16 சதவிகிதம் என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பயந்து, 12 சதவிகிதக்காரரிடம் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். கார்டில் தவணையாக மாற்றும்போது பெரும்பாலும் தேய்கிற அசலுக்குத்தான் வட்டி. அதே 18,000க்கு, 16 சதவிகிதத்தில், பன்னிரண்டு மாதத்துக்கு வட்டி சுமார் ரூ.1,597. வட்டி மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி. சேர்த்தாலும் ரூ.1,885ஐத் தாண்டவில்லை. அங்கே 2,160! பதினாறைவிடப் பன்னிரண்டு பெரிதாகிற அதிசயம் கணக்கு வாத்தியார் சொல்லிக் கொடுக்காதது.

அதற்காகக் கார்டு நல்லது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். தவணையாக மாற்றாமல் கார்டில் பாக்கியை இழுத்தடித்தால் பல வங்கிகள் மாதம் மூன்றரை சதவிகிதத்தை ஒட்டி வட்டி போடுகின்றன. நம் பேச்சில் சொன்னால் மூன்றரை வட்டி! பேட்டை வட்டிக்காரரே வெட்கப்படுவார்.

"வட்டியே இல்லாத தவணை" என்பதும் ஒரு பேச்சு. வட்டியில்லாக் கடன் என்று ஒன்று கிடையாது, வட்டியை வேறு பெயரில் மறைக்கிறார்கள் என்று 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. கிடைக்க வேண்டிய தள்ளுபடியை விட்டுக் கொடுப்பது, கட்டணம் என்று முன்னால் பிடிப்பது, இப்படி வழிகள் பல.

காரோடு சேர்ந்து வந்த கடன்

புதுக் கார் வாங்குகிறவர்களுக்கு இது இன்னும் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. ஷோரூமில் "ஆன்-ரோடு விலை" என்று ஒரு தொகை சொல்வார்கள். கார் விலை, சாலை வரி, பதிவுக் கட்டணம், இன்ஷூரன்ஸ் எல்லாம் அதில் அடக்கம். அந்த முழுத் தொகைக்கும் கடன் கிடைத்தால் வாங்குகிறவருக்கு மகிழ்ச்சி. அதில் இன்ஷூரன்ஸ் மட்டும் ரூ.30,000 என்று வைத்துக் கொண்டால், 10 சதவிகித வட்டியில் ஐந்தாண்டுக் கடனில் அதற்கு மட்டும் மாதம் ரூ.637 விழுகிறது. அறுபது மாதத்தில் கட்டி முடிப்பது ரூ.38,200க்கு மேல். சொந்தச் சேதத்துக்கான பாலிசி ஓராண்டில் முடிந்துவிடும். அதற்கு வாங்கிய கடன் ஐந்தாண்டு ஓடும். இரண்டாம் ஆண்டு புதுப் பிரீமியம் கட்டும்போது முதல் ஆண்டுப் பிரீமியத்துக்கே இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருப்பார்!

புதுக் கார்களுக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்சை மூன்று ஆண்டுக்கு மொத்தமாக எடுக்க வேண்டும் என்பது 2018 செப்டம்பர் 1 முதல் உள்ள விதி. இரு சக்கர வண்டிகளுக்கு ஐந்து ஆண்டு. சாலை விபத்துகள் பற்றி உச்ச நீதிமன்றத்தில் 2012இல் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில் பிறந்த உத்தரவு இது. வழக்குத் தொடுத்தவர் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன். முதலாண்டு இன்ஷூரன்சோடு விட்டுவிட்டு அப்புறம் புதுப்பிக்காமலே ஓடிக்கொண்டிருந்த வண்டிகள் ஏராளம் என்பதுதான் அந்த உத்தரவுக்குக் காரணம். நோக்கம் நல்லது. ஆனால் முதல் நாளில் கட்ட வேண்டிய தொகை கூடியதால் கடனும் கூடிற்று என்பதையும் சொல்ல வேண்டும்.

தண்டல்

வங்கியும் கார்டும் கிடைக்காத ஆட்டோ, டாக்ஸி ஓட்டுநர்களுக்குத் தண்டல்காரர் இருக்கிறார். பத்தாயிரம் என்று எழுதி, ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் கொடுப்பார். நாள் ஒன்றுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் வசூல். நூறு நாளில் ஆயிரம்தானே என்று தோன்றும். தேய்கிற அசலை வைத்துப் பார்த்தால் ஆண்டுக்கு 77 சதவிகிதம்! இரண்டு நாள் வண்டி ஓடாவிட்டால் அபராதம் வேறு. கடும் வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003இலும் கர்நாடகத்தில் 2004இலும் சட்டம் வந்தது. கடனை மிரட்டி வசூலிப்பதைத் தடுக்கக் கர்நாடக அரசு 2025இல் அவசரச் சட்டமும் கொண்டுவந்தது. சட்டம் ஒரு பக்கம் இருக்க, காலை வேளையில் ஆட்டோ நிறுத்தங்களில் சின்ன நோட்டுப் புத்தகத்தோடு வருகிறவர் வந்துகொண்டுதான் இருக்கிறார்.

காசோலை திரும்பினால்?

"வட்டியும் வேண்டாம், கடனும் வேண்டாம். காசோலை ஒன்றைக் கொடுத்துப் பாலிசியை வாங்கிவிடுவோம், சம்பளம் வந்ததும் கணக்கில் பணம் போட்டுக்கொள்ளலாம்" என்று துணிகிறவர்களும் உண்டு. இதற்குக் கர்நாடகத்திலேயே ஒரு வழக்கு இருக்கிறது.

ஒரு தனியார் பஸ்ஸுக்கு 2004 ஏப்ரலில் காசோலை கொடுத்துப் பாலிசி எடுக்கப்பட்டது. காசோலை பணமின்றித் திரும்பியது. மே மாதம் அந்தப் பஸ் விபத்துக்குள்ளாகி ஓர் உயிர் போயிற்று. விபத்து நடந்த பிறகே கம்பெனி பாலிசியை ரத்துச் செய்தது. யார் பணம் கொடுப்பது? வழக்கு படிப்படியாக ஏறி உச்ச நீதிமன்றம் வரை போய், 2012 ஏப்ரலில் தீர்ப்பாயிற்று. ரத்துச் செய்த செய்தி விபத்துக்கு முன்பே சொந்தக்காரரை எட்டியிருந்தால் கம்பெனிக்குப் பொறுப்பில்லை; எட்டவில்லை, ஆகவே இறந்தவர் குடும்பத்துக்குக் கம்பெனி கொடுக்கத்தான் வேண்டும்; ஆனால் கொடுத்த பணத்தைப் பஸ் சொந்தக்காரரிடமிருந்து வசூலித்துக் கொள்ளலாம் என்றது நீதிமன்றம். குடும்பம் பிழைத்தது. சொந்தக்காரர் கதி?

சொந்தக் காருக்கே சேதம் என்றால் அந்த இரக்கமும் இல்லை. காஷ்மீரில் 1993 டிசம்பரில் காசோலை கொடுத்துப் பாலிசி எடுத்த ஒருவர், சில நாட்களிலேயே விபத்தில் இறந்தார். அவருடைய மாருதி கார் நொறுங்கியது. காசோலை அதற்குப் பிறகு திரும்பி வந்தது. பிரீமியம் வராத பாலிசிக்குக் கார் நஷ்டத்தைக் கம்பெனி கொடுக்க வேண்டியதில்லை என்று 2001இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பாலிசியே இல்லாமல் ஓட்டினால் முதல் முறை ரூ.2,000 அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும், மறுமுறை ரூ.4,000. இது 2019 திருத்தத்துக்குப் பிறகுள்ள நிலை. அபராதத்தைக் கட்டிவிடலாம். ஆள் அடிபட்டு, விபத்து நஷ்டஈட்டு நீதிமன்றம் பல லட்சம் என்று விதித்தால், அந்தத் தொகை முழுவதும் கார்க்காரர் தலையில். ஊரில் இருக்கும் அரை ஏக்கர் நிலம்கூட அப்போது நினைவுக்கு வரும்.

சீமையிலும் இதே கதை

பிரிட்டனில் கார் இன்ஷூரன்சை மாதத் தவணையில் கட்டுவது சர்வ சாதாரணம். அங்கே 2 கோடிக்கு மேற்பட்டோர் இப்படித் தவணையில் பலவகை இன்ஷூரன்ஸ் பிரீமியம் கட்டுவதாக அந்நாட்டு நிதித்துறைக் கண்காணிப்பு ஆணையம் கணக்குச் சொன்னது. வட்டி பெரும்பாலும் ஆண்டுக்கு 20 முதல் 30 சதவிகிதம் என்றும், மொத்தமாகக் கட்ட வசதியில்லாதவர்களே கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்றும் புகார் எழ, 2024 அக்டோபரில் ஆணையம் விசாரணையைத் தொடங்கியது. மாதம் 1,680 கட்டும் நம் குமாஸ்தாவின் 21½ சதவிகிதம் அந்த வரம்புக்குள்தான் வருகிறது!

கடனைத் திருப்பிப் போட்டால்

இனி வழி என்ன? பன்னிரண்டு தவணை கட்டத்தான் போகிறோம் என்றால், பாலிசி எடுத்த பிறகு கட்டாமல், எடுப்பதற்கு முன் கட்டலாம். மாதம் ரூ.1,500 வீதம் வங்கியில் ஓராண்டுத் தொடர் வைப்பில் போட்டு வந்தால், 6 சதவிகித வட்டியில் ஆண்டு முடிவில் 18,000க்கு மேல் ரூ.585 அளவில் கூடக் கிடைக்கும். கடன் வாங்கினால் 2,160 போகிறது. சேர்த்தால் 585 வருகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் ரூ.2,745. ஒரு குடும்பத்துக்கு இரண்டு மாதப் பாலும் காய்கறியும் என்று வைத்துக்கொள்ளலாம்.

சொல்வது சுலபம். முதல் ஆண்டுதான் கஷ்டம். இந்த ஆண்டுப் பிரீமியத்தையும் கட்ட வேண்டும், அடுத்த ஆண்டுக்கும் சேர்க்க வேண்டும். ரயில்வே ஊழியர்களுக்குப் பூஜைக்கு முன் வரும் 78 நாள் போனசின் உச்ச வரம்பு ரூ.17,951 ஆக இருந்து வந்திருக்கிறது. மேலே சொன்ன பிரீமியத்துக்கு ஏறத்தாழ சரியான தொகை! ஆனால் அந்தப் போனசுக்காகத் தீபாவளித் துணியும் ஊர்ப் பயணமும் வரிசையில் நிற்கின்றன என்பது வீட்டுக்காரிக்குத் தெரியாததா? அலுவலகக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் உறுப்பினராக உள்ளவர்கள், தேய்கிற அசலுக்கு வட்டி போடுகிறார்களா என்று கேட்டுக்கொண்டு அங்கே வாங்குவது மேல். பன்னிரண்டு மாதத்துக்குப் பதில் ஆறு மாதத்தில் தீர்த்தால் வட்டி ஏறத்தாழப் பாதியாகும். சீட்டுப் போடுகிறவர்கள் பதிவு பெற்ற சீட்டாகப் பார்த்துப் போடட்டும். பாலிசி முடியும் மாதத்துக்குச் சீட்டு விழும்படி ஏலம் எடுக்கத் தெரிந்தவர்கள் பெங்களூரில் நிறையவே இருக்கிறார்கள்.

ஒன்றுக்குமே வழியில்லாத மாதமும் வரும். அப்போது காப்பே இல்லாமல் விடுவதைவிட, சட்டம் கேட்கும் மூன்றாம் நபர் பாலிசியையாவது தேதி தவறாமல் எடுத்துவிட வேண்டும். 2022 ஜூன் 1இல் அமலுக்கு வந்த விகிதப்படி 1000 முதல் 1500 சி.சி. வரையுள்ள சொந்தக் காருக்கு அது ரூ.3,416, ஜி.எஸ்.டி. சேர்த்தால் ரூ.4,031. ஓட்டும் சொந்தக்காரருக்கான விபத்துக் காப்புக்குச் சிறு தொகை கூட வரும். சொந்தச் சேதத்துக்கான பாலிசியைத் தனியே எடுக்க 2019 செப்டம்பர் முதல் வழி இருக்கிறது. கோரிக்கை எழுப்பாத ஆண்டுகளுக்காகச் சேர்ந்த போனஸ் தள்ளுபடி, பாலிசி முடிந்த 90 நாளுக்குள் புதுப்பித்தால் கைவிட்டுப் போகாது. நடுவில் கார் சேதமானால் அது சொந்தக்காரர் பாடு. கம்பெனி வண்டியைப் பார்வையிட்ட பிறகே சேதக் காப்பு கொடுக்கும். வங்கிக் கடனில் உள்ள காருக்கு இந்த யோசனை பொருந்தாது; முழுக் காப்பு வேண்டும் என்று வங்கி கேட்கும்.

கடன் வாங்கியே தீர வேண்டுமானால் கேட்க வேண்டிய காகிதம் ஒன்று இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல், வங்கிகளும் நிதிக் கம்பெனிகளும் தனிநபர்களுக்குக் கொடுக்கும் தவணைக் கடனுக்கு முக்கிய விவரப் படிவம் ஒன்றைக் கையெழுத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. கட்டணங்கள் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு உண்மையில் எத்தனை சதவிகிதம் விழுகிறது என்பது அதில் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் அது இருக்க வேண்டும் என்பதும் விதி. கன்னடமும் ஆங்கிலமும் படிக்க வராதவர் தமிழில் கேட்கலாம். கேட்பது சலுகை அல்ல, உரிமை. கிரெடிட் கார்டு பாக்கிகளுக்கு மட்டும் இந்தப் படிவம் கிடையாது. தண்டல்காரரிடம் கேட்டால் சிரிப்பார்.

பாலிசி விஷயத்தில் கம்பெனி மீதே குறை இருந்தால், முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒரு மாதம் பார்க்க வேண்டும். பதில் வராவிட்டாலோ திருப்தியில்லாவிட்டாலோ, ஜே.பி. நகர் முதல் கட்டத்தில் ஜீவன் சௌதா கட்டடத்தில் உள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்குப் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. பாலிசி நகல், பிரீமியம் கட்டிய ரசீது, கம்பெனிக்கு அனுப்பிய கடிதத்தின் நகல் மூன்றையும் கையோடு கொண்டு போக வேண்டும்.